அழைப்புக் கடிதம் வந்த பிறகு: அமெரிக்கச் சட்டக் கல்லூரிக்கு ஆய்வாளராகப் போகிறவர்களுக்கு

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் விசிட்டிங் ஸ்காலர், அதாவது வருகை ஆய்வாளர், என்பவர் மாணவரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. மாணவருக்கு ஒன்று என்றால் ஓட ஓர் அலுவலகம் இருக்கிறது. பேராசிரியருக்கு உதவியாளர் இருக்கிறார். வருகை ஆய்வாளருக்குத் தானாக வந்து சேர்வது எதுவும் இல்லை. மேசை, நூலக அனுமதி, தரவுதளக் கணக்கு, வகுப்பில் உட்கார இடம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். போய் இறங்கிய பிறகு கேட்கத் தொடங்கினால் முதல் இரண்டு மாதம் அலைச்சலிலேயே போய்விடும். ஆறு மாதத்துக்குப் போகிறவருக்கு அது மூன்றில் ஒரு பங்கு.

அதனால் அழைப்புக் கடிதம் வந்ததும் சந்தோஷத்தோடு ஒரு பதில் மின்னஞ்சலும் போட வேண்டும். அதில் கேட்க வேண்டியவை: எனக்கு உட்கார இடம் உண்டா, அது பகிர்ந்துகொள்ளும் மேசையா? பல்கலைக்கழக மின்னஞ்சலும் அடையாள அட்டையும் எந்த வகையில் வரும்? வீட்டிலிருந்தபடி நூலகத் தரவுதளங்களுக்குள் நுழைய முடியுமா? வகுப்புகளில் அமரலாமா? ஆய்வாளர் கட்டணம் ஏதாவது உண்டா? கடைசிக் கேள்வியைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். பல சட்டக் கல்லூரிகள் வருகை ஆய்வாளர்களிடம் கட்டணம் வாங்குகின்றன, உதவித்தொகை தருவதில்லை. பதில் எழுத்தில் இருக்கட்டும். அழைத்த பேராசிரியர் நல்ல மனதோடு "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார். ஆனால் கணக்கைத் திறந்து கொடுப்பவர் அவர் இல்லை.

ஒன்றை முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இந்த வருகையில் பட்டமும் கிடையாது, கிரெடிட்டும் கிடையாது. நியூயார்க்கிலோ வேறு மாநிலத்திலோ பார் தேர்வு என்ற வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுதுவதற்கு இந்த மாதங்கள் கணக்கில் வராது. அந்த எண்ணம் இருந்தால் எல்எல்எம் என்ற சட்ட முதுநிலைப் படிப்புதான் வழி, அதற்கு மாணவராக வர வேண்டும்.

வகையைத் தேர்ந்தெடுக்கும் இடம்

பெரும்பாலோர் வருவது கல்விப் பரிமாற்றத்துக்கான ஜே-1 விசாவில். அதற்கு அடிப்படை டிஎஸ்-2019 என்ற படிவம். அதைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகம் தயாரிக்கிறது, சட்டக் கல்லூரி அல்ல. சட்டக் கல்லூரி கோரிக்கையை அனுப்பும், அவ்வளவுதான். கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் தவறான ஆளுக்கு நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருப்பது வழக்கமாக நடக்கும் தாமதம்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். அதன் விளைவு அடுத்த சில ஆண்டுகளுக்கு நீளும், ஆனால் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. ஜே-1-இல் ஆய்வாளருக்கு இரண்டு வகைகள் உண்டு. 'ரிசர்ச் ஸ்காலர்' வகையில் ஐந்து ஆண்டு வரை இருக்கலாம், குறைந்தது மூன்று வாரம். 'ஷார்ட்-டெர்ம் ஸ்காலர்' வகையில் உச்சவரம்பு ஆறு மாதம். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிப்பு இல்லை.

ஐந்து ஆண்டு என்றதும் எல்லோருக்கும் முதல் வகைதான் பிடிக்கும். ஆனால் ரிசர்ச் ஸ்காலராக வந்து நான்கே மாதத்தில் திரும்பிவிட்டாலும், அந்தத் திட்டம் முடிந்த நாளிலிருந்து 24 மாதத்துக்கு மறுபடி ரிசர்ச் ஸ்காலராகவோ பேராசிரியர் வகையிலோ வர முடியாது. மீதியிருந்த நான்கு சொச்சம் ஆண்டைப் பிறகு பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதெல்லாம் இல்லை. உடன் வந்த ஜே-2 குடும்பத்தினருக்கும் இந்தத் தடை பொருந்தும். ஷார்ட்-டெர்ம் வகையில் வந்து போனால் இந்தத் தடை வராது. இன்னொரு தடையும் இருக்கிறது. வேறு ஏதாவது ஜே வகையில், மாணவராக இருந்ததும் சேர்த்து, கடந்த 12 மாதத்தில் ஆறு மாதத்துக்கு மேல் அமெரிக்காவில் இருந்திருந்தால் உடனே ரிசர்ச் ஸ்காலராகத் தொடங்க முடியாது. அதற்கும் ஷார்ட்-டெர்ம் வகை விலக்கு.

என் கருத்து இது. ஒரே ஒரு செமஸ்டர்தான், நீட்டிக்கும் எண்ணம் உறுதியாக இல்லை என்றால் ஷார்ட்-டெர்ம் போதும், அடுத்த வருகைக்குக் கதவு திறந்திருக்கும். ஏழாவது மாதம் தேவைப்படும் என்று சிறு சந்தேகம் இருந்தாலும் ரிசர்ச் ஸ்காலர் கேளுங்கள். இடையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளலாம் என்று நம்பி இறங்க வேண்டாம்.

டிஎஸ்-2019 கைக்கு வந்ததும்

இப்போது இது மின்னஞ்சலிலேயே வந்துவிடுகிறது. அச்சிட்டு, நீங்களும் கையெழுத்திட வேண்டும். அதற்கு முன் பெட்டி பெட்டியாகப் படியுங்கள். வலது மேல் மூலையில் ஆங்கில N எழுத்தில் தொடங்குவது செவிஸ் எண், வெளிநாட்டு மாணவர்களையும் ஆய்வாளர்களையும் அமெரிக்க அரசு பதிந்து வைக்கும் கணினி அமைப்பில் உங்கள் எண். முதல் பெட்டியில் பெயர், பிறந்த தேதி, நாடு. மூன்றாவதில் திட்டம் தொடங்கி முடியும் தேதிகள். நான்காவதில் வகை. ஐந்தாவதில் பணம் எங்கிருந்து வருகிறது என்ற விவரம். கீழே இடப்பக்கம் தூதரக அதிகாரி இரண்டு ஆண்டு விதி (கீழே சொல்கிறேன்) பற்றிக் குறிக்கும் இடம், வலப்பக்கம் வெளிநாடு போய்த் திரும்புவதற்கான பயணக் கையெழுத்துக்கு இடம்.

தமிழ்ப் பெயர் உள்ளவர்கள் முதல் பெட்டியில் கூடுதலாக ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்து, பெயர் முழுவதும் கொடுக்கப்பட்ட பெயர் இடத்தில் இருந்தால், அமெரிக்க ஆவணங்களில் உங்கள் பெயர் முழுவதும் குடும்பப் பெயராக ஏறும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்று வரும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. விசாவில் அப்படி இருந்து, பல்கலைக்கழகக் கணக்கில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, மருத்துவக் காப்பீட்டில் இனிஷியலை விரித்து எழுதியிருந்தால், சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்திலும் வங்கியிலும் மூன்று வேறு ஆட்களாகத் தெரிவீர்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் போடுங்கள். பாஸ்போர்ட்டையே திருத்துவதாக இருந்தால் டிஎஸ்-2019 கேட்பதற்கு முன்பே திருத்திவிடுங்கள், நடுவில் வேண்டாம். கட்டுரைகளில் எந்தப் பெயரில் எழுதுகிறீர்களோ அது தனி விஷயம். கல்லூரி இணையதளப் பக்கத்தில் அந்தப் பெயரைப் போடச் சொல்லிக் கேட்கலாம்.

அடுத்து ஐ-901 என்ற செவிஸ் கட்டணம். ஜே-1 ஆய்வாளருக்கு 220 டாலர். மாணவர் விசாவுக்கான 350 டாலர் கட்டணத்தைத் தவறிக் கட்டிவிடாதீர்கள். டிஎஸ்-160 என்ற இணைய விசா விண்ணப்பம், 185 டாலர் விசா விண்ணப்பக் கட்டணம், நேர்காணல் என்று வரிசை போகும். 2025 ஜூன் முதல் ஜே விண்ணப்பதாரர்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப் பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நேர்காணலுக்கு ஆய்வுத் திட்டத்தை இரண்டே வாக்கியத்தில், சட்டம் படிக்காதவருக்கும் புரியும்படி சொல்லிப் பழகுங்கள். 'ஒப்பீட்டு அரசியலமைப்புக் கோட்பாட்டில் நீதித்துறைச் சுயகட்டுப்பாடு' என்று தொடங்கினால் அடுத்த கேள்விக்குத்தான் வழி வகுக்கும். 'இரண்டு நாட்டு நீதிமன்றங்களும் தேர்தல் வழக்குகளை எப்படித் தீர்க்கின்றன என்று ஒப்பிடுகிறேன்' என்றால் முடிந்தது.

இரண்டு ஆண்டு விதியையும் சொல்லிவிட வேண்டும். குடியேற்றச் சட்டத்தின் 212(இ) பிரிவு இது. இது பொருந்தினால், சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு ஆண்டு வசிக்கும்வரை, அல்லது விலக்கு கிடைக்கும்வரை, எச், எல் என்ற வேலை விசாக்கள், நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) எதுவும் கிடையாது. ஆய்வாளருக்கு இது பொருந்துவதற்கு இரண்டு வழிகள். அமெரிக்க அரசோ உங்கள் நாட்டு அரசோ பணம் தந்திருந்தால் பொருந்தும். ஃபுல்பிரைட் உதவித்தொகை வாங்கியவர்கள் இதில்தான் வருகிறார்கள். இன்னொன்று, உங்கள் துறை உங்கள் நாட்டின் திறன் பட்டியலில், அதாவது அந்த நாட்டுக்குத் தேவையான துறைகள் என்று அமெரிக்க அரசு வெளியிடும் பட்டியலில், இருப்பது. அந்தப் பட்டியல் 2024 டிசம்பர் 9 அன்று மாறியது. இந்தியா, இலங்கை, மலேசியா மூன்றும் இப்போது பட்டியலில் இல்லை. அதற்கு முன் வந்தவர்களுக்கும் இந்த மாற்றம் பொருந்தும். ஆனால் பழைய விசாவில் அச்சிட்ட வரி அப்படியே இருப்பதால் பலர் இன்னும் கட்டுப்பட்டவர்கள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அரசுப் பணம் வாங்கியிருந்தால் பட்டியல் மாறியதால் ஒன்றும் மாறவில்லை.

மருத்துவக் காப்பீடு

இது விருப்பம் இல்லை, விதி. ஒவ்வொரு விபத்துக்கும் நோய்க்கும் குறைந்தது 1,00,000 டாலர், மருத்துவ வெளியேற்றத்துக்கு 50,000 டாலர், உடலைச் சொந்த நாட்டுக்கு அனுப்ப 25,000 டாலர், நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகை ஒரு நோய்க்கு 500 டாலருக்கு மிகாமல். குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இதே அளவு வேண்டும். வேண்டுமென்றே எடுக்காமல் விட்டால் திட்டத்தையே முடித்துவிடக் கல்லூரிக்குக் கடமை இருக்கிறது.

மலிவான பயணக் காப்பீடுகள் தடுமாறுவது பெரும்பாலும் கடைசி மூன்று எண்ணில்தான். மருத்துவச் செலவுத் தொகை பெரிதாக இருக்கும், ஆனால் வெளியேற்றமும் உடல் அனுப்புதலும் குறைவாக இருக்கும், அல்லது முதல் தொகை 1,000 டாலராக இருக்கும். பாலிசியை வாங்கும் முன் இந்த நான்கு எண்ணையும் தாளில் எழுதி வைத்து ஒப்பிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். சாதாரணக் காய்ச்சலுக்கு எமர்ஜென்சி அறைக்குப் போக வேண்டாம். அர்ஜென்ட் கேர் மையம் போதும், கட்டணத்தில் பல மடங்கு வித்தியாசம். எங்கே போனாலும் 'இன்-நெட்வொர்க்', அதாவது உங்கள் காப்பீட்டோடு ஒப்பந்தம் உள்ள இடம், தானா என்று காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

இறங்கிய முதல் மாதம்

திட்டத் தேதிக்கு 30 நாள் முன்பிருந்து நாட்டுக்குள் நுழையலாம். நுழைந்த மறுநாளே ஐ-94 என்ற நுழைவுப் பதிவை எல்லைக் காவல் துறையின் தளத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். வகை ஜே-1 என்றும், தங்கும் காலம் டி/எஸ் (தேதி இல்லாமல், திட்டம் நடக்கும்வரை) என்றும் இருக்க வேண்டும். அங்கே பி-2 (சுற்றுலா விசா) என்றோ ஒரு குறிப்பிட்ட தேதியோ இருந்தால் அப்போதே சர்வதேச அலுவலகத்திடம் சொல்லுங்கள். சில மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் திருத்துவது பெரும்பாடு.

பிறகு சர்வதேச அலுவலகத்தில் வருகையைப் பதிவு செய்ய வேண்டும். திட்டம் தொடங்கி 30 நாளுக்குள் அவர்கள் உங்களைச் செவிஸில் உறுதிப்படுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் பதிவு தானாகச் செல்லாமல் போய்விடும். சட்டக் கல்லூரியில் வரவேற்பு விருந்துக்கே போய் வந்திருந்தாலும் அது பதிவு ஆகாது. இரண்டும் வேறு வேறு கட்டடம், வேறு வேறு கணினி. வீட்டு முகவரி மாறினால் 10 நாளுக்குள் சொல்ல வேண்டும்.

சம்பளத்துக்கும் வரிக்கும் அமெரிக்க அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை வாங்க அவசரப்படாதீர்கள். வந்து சுமார் 10 நாள் ஆகி, செவிஸ் உறுதியான பிறகு போங்கள். அதற்கு முன் போனால் அலுவலகத்தின் கணினியில் உங்கள் பதிவு தெரியாது, விண்ணப்பம் சரிபார்ப்பில் மாட்டி வாரக்கணக்கில் நிற்கும். பாஸ்போர்ட், விசா, ஐ-94 அச்சு, டிஎஸ்-2019, இவற்றின் மூலப் பிரதிகள். கட்டணம் இல்லை. அங்கே சம்பளம் வாங்காத ஆய்வாளராக இருந்தாலும் ஜே-1 ஆய்வாளர் என்ற முறையில் விண்ணப்பிக்கலாம். வாடகை வீட்டுக்கும் போன் இணைப்புக்கும் அந்த எண் இருந்தால் வேலை எளிது.

வீடு பற்றி நிறைய எழுதலாம். ஆனால் அது நகரத்துக்கு நகரம் மாறும். பொதுவாகத் தடங்கலாக இருப்பது கிரெடிட் வரலாறு, அதாவது அங்கே கடன் வாங்கிக் கட்டிய பதிவு, இல்லாததுதான். அதனால் ஆய்வு விடுப்பில் (சபாட்டிகல்) போகும் பேராசிரியர்கள் விட்டுச் செல்லும் வீடுகளும் உள்வாடகையும் வருகை ஆய்வாளருக்குப் பொருந்தும். பாஸ்டன் பகுதியில் குத்தகைகள் பெரும்பாலும் செப்டம்பர் 1-இல் தொடங்குகின்றன. ஜனவரியில் வருகிறவருக்கு அங்கே உள்வாடகைதான் வழி. மாசசூசெட்ஸ் சட்டப்படி வீட்டுக்காரர் தொடக்கத்தில் கேட்கக்கூடியது முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை, ஒரு மாத வாடகைக்கு மிகாத வைப்புத் தொகை, பூட்டு மாற்றும் செலவு மட்டுமே. நியூயார்க்கில் 2019 முதல் வைப்புத் தொகை ஒரு மாத வாடகைக்கு மேல் கூடாது. வீட்டைப் பார்க்காமல், குத்தகைத் தாளில் கையெழுத்தும் இல்லாமல் பணம் அனுப்பச் சொல்லும் யாருக்கும் அனுப்பாதீர்கள். 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், சாவி கூரியரில் வரும்' என்பது பழைய மோசடி.

நூலகம்

எனக்கு மிகவும் முக்கியமான பகுதி இதுதான், ஏனென்றால் கடல் கடந்து போவதே இதற்காகத்தான். அமெரிக்கச் சட்டக் கல்லூரி நூலகத்தில் ரெஃபரன்ஸ் நூலகர்கள் பலர் சட்டப் பட்டமும் நூலக அறிவியல் பட்டமும் இரண்டும் பெற்றவர்கள். புத்தகம் எடுத்துக் கொடுப்பது அவர்கள் வேலையின் சிறு பகுதிதான். உங்கள் கேள்வியை எடுத்துக்கொண்டு, எந்த மாநிலச் சட்டம், எந்தக் காலச் சட்டமன்ற ஆவணம், எந்தத் தொகுப்பு என்று ஆய்வுப் பாதையே போட்டுத் தருவார்கள். வந்த முதல் வாரத்திலேயே அரை மணி நேரச் சந்திப்புக்கு எழுதுங்கள். எழுதும்போது 'என் தலைப்பு பற்றி உதவி வேண்டும்' என்று விட்டுவிடாமல், கேள்வி என்ன, இதுவரை எதைப் பார்த்தீர்கள், எங்கே நின்றுவிட்டது என்று ஐந்து வரி எழுதுங்கள். அந்த ஐந்து வரிக்குச் சந்திப்புக்கு முன்பே பாதிப் பதில் வந்துவிடும்.

பெரிய ஏமாற்றம் வெஸ்ட்லா, லெக்சிஸ் என்ற கட்டணச் சட்டத் தரவுதளங்களில் வரும். கல்லூரியின் கல்வி ஒப்பந்தத்தில் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கடவுச்சொல் உண்டு, வருகை ஆய்வாளருக்குப் பல இடங்களில் இல்லை. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். இல்லை என்றால் மாற்று என்ன என்றும் கேளுங்கள். நூலகத்துக்குள் ஒரு பொதுக் கணினியில் வெஸ்ட்லாவின் பார்வையாளர் பதிப்பு இருக்கலாம், லெக்சிஸின் பல்கலைக்கழகப் பதிப்பான நெக்சிஸ் யூனி இருக்கலாம். ஹெய்ன்ஆன்லைன் என்ற சட்ட இதழ்த் தரவுதளம் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தோடு இணைந்த எல்லோருக்கும் திறந்திருக்கும். சட்ட இதழ்களை முதல் தொகுதியிலிருந்து, அச்சிட்ட பக்கத்தின் படமாகவே தருவதால் பக்க எண் மேற்கோளுக்கு அது போதும்.

கட்டணமில்லாமல் கிடைப்பதும் குறைவில்லை. ஹார்வர்டு சட்ட நூலகத்தின் கேஸ்லா ஆக்சஸ் பிராஜெக்ட் சுமார் 4 கோடி பக்கத் தீர்ப்புத் தொகுதிகளை மின்னாக்கியது, 2024 முதல் கட்டுப்பாடின்றித் திறந்துவிட்டது. கோர்ட்லிஸனர் என்ற இலவசத் தளத்தில் தீர்ப்புகளைத் தேடலாம். 1992-இல் தொடங்கிய கார்னெல் பல்கலைக்கழகத்தின் சட்டத் தகவல் நிறுவனம் கூட்டாட்சிச் சட்டங்களைக் கொடுத்துவருகிறது. கூகுள் ஸ்காலரில் தீர்ப்புக்குக் கீழே அதை மேற்கோள் காட்டிய தீர்ப்புகளும் வரும். ஆனால் ஒரு தீர்ப்பு இன்னும் செல்லுமா, மேல் நீதிமன்றம் மாற்றிவிட்டதா என்று இவை நம்பகமாகச் சொல்லாது. அதற்கு வெஸ்ட்லாவின் கீசைட் கருவியோ லெக்சிஸின் ஷெப்பர்ட்ஸ் கருவியோ வேண்டும். அந்தச் சரிபார்ப்பை மட்டும் சேர்த்து வைத்து, பொதுக் கணினியில் ஒரே அமர்வில் முடித்துக்கொள்ளலாம்.

கூட்டாட்சி நீதிமன்றங்களின் வழக்கு ஆவணங்களுக்கு பேசர் என்ற நீதிமன்றத் தளம். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். ஒரு காலாண்டில் மொத்தம் 30 டாலருக்குள் நின்றால் கட்டணமே வசூலிப்பதில்லை. அதனால் பெரிய தேடல்களைக் காலாண்டு மாறும் இடத்தில் பிரித்து வைத்துக்கொள்ளலாம். ரீகேப் என்ற உலாவி நீட்சியைப் போட்டுக்கொண்டால், வேறு யாராவது ஏற்கெனவே வாங்கிய ஆவணம் இலவசமாகவே கிடைக்கும். தேடல் முடிவுப் பக்கங்களுக்கும் கட்டணம் உண்டு, அவற்றுக்கு 3 டாலர் வரம்பும் இல்லை. பொதுவான பெயரைப் போட்டுத் தேடி நூற்றுக்கணக்கில் முடிவு வரவழைப்பதில்தான் பலருக்குப் பணம் போகிறது.

கடைசியாக, தேர்வுக் காலம். டிசம்பர் தொடக்கத்திலும் ஏப்ரல் இறுதியிலும் பல சட்ட நூலகங்கள் இருக்கைகளைச் சொந்த மாணவர்களுக்கு மட்டும் ஒதுக்கிவிடும். கோடையில் இடம் தாராளம், ஆனால் பேராசிரியர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். மனிதர்களைச் சந்திக்க வருகிறீர்கள் என்றால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை, அல்லது ஜனவரி இறுதி முதல் ஏப்ரல் நடு வரை. காகிதங்களோடு மட்டும் வேலை என்றால் கோடை.

வகுப்பு, கருத்தரங்கு, கட்டுரை

வகுப்பில் அமர அந்தந்தப் பேராசிரியரின் அனுமதி வேண்டும், செமஸ்டர் தொடங்க இரண்டு வாரம் முன்பே எழுதுங்கள். சிறு செமினார்களில் இடம் கிடைப்பது கடினம், பெரிய வகுப்புகளில் எளிது. முதல் நாளுக்கே வாசிப்பு ஒதுக்கப்பட்டிருக்கும், படித்துவிட்டுப் போங்கள். பாடநூல்கள் விலை 200 டாலரைத் தாண்டும். வாங்க வேண்டாம், நூலகத்தின் கோர்ஸ் ரிசர்வில் சில மணி நேரத்துக்கு எடுத்துப் படிக்கலாம். சட்ட உதவி கிளினிக்குகளில் பார்வையாளராக உட்காரலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். அங்கே வருபவர்கள் உண்மையான கட்சிக்காரர்கள், இரகசியக் காப்புக் கடமை இருக்கிறது.

ஆசிரியர் கருத்தரங்குகளில் கட்டுரை முன்கூட்டியே சுற்றுக்கு வந்துவிடும். எழுதியவர் பத்து நிமிடம் பேசுவார், மீதி நேரம் முழுக்கக் கேள்விகள். கட்டுரையைப் படிக்காமல் போய் உட்கார்ந்தால் ஒன்றும் பிடிபடாது. அஞ்சல் பட்டியலில் உங்களைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், தானாகச் சேர்க்க மாட்டார்கள்.

அமெரிக்கச் சட்ட இதழ்களில் கட்டுரை போட நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, தேர்ந்தெடுப்பவர்கள் மாணவர்கள். ஒரே கட்டுரையைப் பல இதழ்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்புவது அங்கே தவறில்லை, அதுதான் முறை. ஒரு இதழ் ஏற்றுக்கொண்டு பதிலுக்குக் கெடு வைத்ததும் அந்தக் கெடுவைச் சொல்லி மற்ற இதழ்களை விரைவாகப் பார்க்கச் சொல்லலாம். சமர்ப்பிப்பு பெரும்பாலும் ஸ்காலஸ்டிகா என்ற இணையதளம் வழியாக, பிப்ரவரியை ஒட்டியும் ஆகஸ்டை ஒட்டியும். அக்டோபரில் அனுப்பினால் இடங்கள் நிரம்பியிருக்கும். முன்னணி இதழ்கள் அடிக்குறிப்பும் சேர்த்து 25,000 சொற்களுக்குள் விரும்புகின்றன. மேற்கோள் முறை புளூபுக், 2025-இல் 22-ஆம் பதிப்பு வந்திருக்கிறது. இணைய இணைப்புகளை பெர்மா.சிசி-யில் பதிந்து வைத்தால் பிற்பாடு பக்கம் மறைந்தாலும் மேற்கோள் நிற்கும். நூலகத்தில் கேட்டால் கணக்குத் தருவார்கள்.

நீதிமன்றங்களைப் பார்க்கப் போங்கள், விசாரணைகள் பொதுமக்களுக்குத் திறந்தவை. பல கூட்டாட்சி நீதிமன்றக் கட்டடங்களில் கைபேசிக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் 'சுப்ரீம் கோர்ட்' என்பது விசாரணை நீதிமன்றம், மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்துக்குப் பெயர் 'கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்'. ஆய்வுக் கட்டுரைகளிலேயே இந்தத் தவறு வந்துவிடுகிறது.

வெளியே பேசக் கூப்பிட்டால்

வேறு கல்லூரி உரைக்கு அழைத்துப் பணம் தருவதாகச் சொன்னால், பேசுவதற்கு முன்பே உங்கள் சர்வதேச அலுவலகத்திடம் எழுத்து அனுமதி வாங்க வேண்டும். உரை உங்கள் ஆய்வோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். பேசி முடித்துவிட்டு அனுமதி கேட்டால் அது அனுமதியில்லாத வேலை ஆகிவிடும், பின்தேதியிட்டுக் கடிதம் தர அவர்களால் முடியாது. இது சின்னத் தவறு போலத் தெரியும், விளைவு சின்னதில்லை.

வெளிநாட்டுப் பயணம் போனால் டிஎஸ்-2019-இல் செல்லுபடியாகும் பயணக் கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். ரிசர்ச் ஸ்காலருக்கு ஒரு வருடம், ஷார்ட்-டெர்முக்கு ஆறு மாதம் அது செல்லும். திட்டம் முடிந்த பிறகு 30 நாள் கூடுதலாக இருக்கலாம். அந்த நாள்களில் நாட்டுக்குள் சுற்றலாம், வேலை கூடாது. வெளியே போனால் அதே படிவத்தில் திரும்பி நுழைய முடியாது. கனடாவில் ஒரு வாரம் போய்வரலாம் என்று அந்த மாதத்தில் திட்டமிட வேண்டாம்.

ஜே-2-வில் வரும் கணவன் அல்லது மனைவி தனி அனுமதி இல்லாமல் படிக்கலாம். வேலைக்குப் போவது, ஐ-765 என்ற வேலை அனுமதிப் படிவத்தில் விண்ணப்பித்து அட்டை வந்த பிறகுதான். அதற்கு மாதங்கள் ஆகும், ஆறு மாத வருகைக்கு விண்ணப்பிப்பதில் பயனில்லை.

வரி

பணம் எதுவும் சம்பாதிக்காவிட்டாலும் 8843 என்ற படிவம் உண்டு, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனியாக. அடுத்த ஆண்டு ஜூன் 15-க்குள் தபாலில் அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் சம்பளம் இருந்தால் 1040-என்ஆர் என்ற வருமான வரிப் படிவம், ஏப்ரல் 15-க்குள். வரிச் சட்டத்தின் கணக்கில் அங்கே குடியிருப்பவர் அல்லாதவராக நீங்கள் இருக்கும்வரை, விடுப்பில் இருந்தபடி சொந்த நாட்டு வேலையிடத்திலிருந்து வரும் சம்பளத்துக்கு அமெரிக்காவில் வரி இல்லை.

ஜே-1 ஆய்வாளர் பொதுவாக இரண்டு காலண்டர் ஆண்டுக்குக் குடியிருப்பவர் அல்லாதவராகக் கருதப்படுகிறார். கவனிக்க வேண்டியது காலண்டர் ஆண்டு என்ற சொல். டிசம்பர் 28-இல் இறங்கினால் அந்த நான்கு நாளே ஒரு முழு ஆண்டைச் சாப்பிட்டுவிடும். ஜனவரி 2-இல் இறங்கினால் அது மிச்சம்.

இந்தியாவிலிருந்து வந்து அமெரிக்கப் பல்கலைக்கழகச் சம்பளம் பெறுபவர்களுக்கு வரி உடன்படிக்கையின் 22-ஆம் பிரிவு இரண்டு ஆண்டு வரை விலக்குத் தருகிறது, 8233 படிவம் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வருகை இரண்டு ஆண்டைத் தாண்டினால் முதல் நாளிலிருந்தே விலக்கு போய்விடும், பழைய வரியையும் சேர்த்துக் கட்ட நேரும். மூன்றாம் ஆண்டு நீட்டிப்புக்கு வாய்ப்பு இருப்பவர்கள் அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பல்கலைக்கழகத்தோடு உங்கள் தொடர்பு முடியும் நாளன்று நூலகக் கணக்கு நள்ளிரவோடு மூடிவிடும், அதற்கு ஒரு வாரம் முன்பே வேண்டிய பிடிஎஃப்களை உங்கள் சொந்த வட்டில் இறக்கிவிடுங்கள். தேதிக்கு முன்பே திரும்புவதாக இருந்தால் சர்வதேச அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வைப்புத் தொகையைத் திருப்பித் தர மாசசூசெட்ஸில் 30 நாள், நியூயார்க்கில் 14 நாள் கெடு இருக்கிறது. வீட்டைக் காலி செய்யும் நாளில் ஒவ்வொரு அறையையும் தேதி தெரிய வீடியோ எடுத்துவிட்டு, ஊர் முகவரியை வீட்டுக்காரருக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கடைசி ஆண்டுக்கான 8843-ஐ ஊரிலிருந்துதான் அனுப்ப வேண்டியிருக்கும். பாஸ்போர்ட், விசா, டிஎஸ்-2019 பிரதிகளையும், வந்த போன தேதிகளையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள், படிவம் கேட்பது அந்தத் தேதிகளைத்தான்.